தலையாட்டிய ஆள்

அத்தியாயம் 3

“கேட்டேன் மேடம். சத்தியமா கேட்டேன். இது உங்க பேருதானேன்னு கேட்டேன். அந்த ஆளு தலையாட்டினாரு.”

ஸ்கேன் அறை டெக்னீஷியன் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அந்த அறையில் யாராக இருந்தாலும் ஸ்வெட்டர் போட்டுத்தான் ஆக வேண்டும். மிஷின் சூடாகிவிடக் கூடாது என்று மனுஷர்களை ஐஸ் பெட்டியில் வைத்த மாதிரி ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வளையம். அதற்குள் போய்வருகிற மெத்தைப் பலகை.

அக்கா மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தாள். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவள். ஏழு வருஷமாகச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறாள். ஊரில் எல்லோரும் மேடம் என்பார்கள். அக்கா என்று கூப்பிடுகிறவன் உதவியாளன் விசில் ஒருவன்தான்.

அந்த விசில் இப்போது கதவு ஓரமாக நின்றுகொண்டிருந்தான். முகக்கவசம் கண்ணுக்குக் கீழே வரை ஏறியிருந்தது. அந்த வராந்தாவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் போட வேண்டும் என்பது ஆஸ்பத்திரி சட்டம். இன்றைக்கு அந்தச் சட்டத்தை எழுதியவர் காலில் விழலாம் போல இருந்தது அவனுக்கு.

“அவரு தலையாட்டினதை வேற யாராவது பார்த்தாங்களா?” என்றாள் அக்கா.

“இந்த அறையில நான் ஒருத்திதான் மேடம்.”

“வராந்தாவுல கேமரா இருக்கே?”

“இருக்கு. அதுக்கு நேர் முன்னாடி ‘தண்ணீர் நிறையக் குடியுங்கள்’னு போர்டு மாட்டிட்டாங்க. ஆறு மாசமா அந்த போர்டோட முதுகுதான் பதிவாகுது.”

“அப்ப போர்டையே கூட்டிட்டுப் போய் விசாரிச்சிடலாம் அக்கா,” என்றான் விசில். “அதுக்குத்தான் நிறைய தெரிஞ்சிருக்கும்.”

வழக்கமாக இந்த மாதிரிச் சொன்னால் அக்கா ஒரு பக்க உதட்டால் சிரிப்பாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை. விசிலுக்கும் தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

“முதல்ல இருந்து சொல்லும்மா. சுருக்கமா,” என்றாள் அக்கா.

டெக்னீஷியன் சொன்னாள். ஒன்பது நாளுக்கு முன்னால், காலை பதினோரு மணி. கிட்னியில் கல் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழாம் நம்பர் ஒரு பெயிண்டர். எட்டாம் நம்பர் யாரோ ஒருத்தர். இரண்டு பேருக்கும் இடது பக்க இடுப்பு வலி. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு இருக்கச் சொல்லியிருந்தார்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் அடியில் சிக்கின கல் தெளிவாகத் தெரியுமாம்.

“பெயிண்டரோட பேரை ஸ்கிரீன்ல எடுத்து வெச்சுட்டுக் கதவைத் திறந்து கூப்பிட்டேன். அவரு அடக்க முடியாம பாத்ரூம் போயிருந்திருக்காரு. எனக்குத் தெரியாது. போன்ல பேசிட்டிருந்த ஒருத்தரு சட்டுனு எழுந்து வந்துட்டாரு. மாஸ்க், தொப்பி. பேரைச் சொல்லி நீங்கதானேன்னு கேட்டேன். இப்படி, தலையை ஒரு பக்கமா சாய்ச்சு, ரெண்டு தடவை ஆட்டினாரு.”

அவள் ஆட்டிக் காட்டினாள். அச்சு அசலாக ஆட்டினாள்.

விசிலின் கழுத்து அப்படியே இறுகிப் போனது.

“படம் எடுத்து அனுப்பிட்டேன். அடுத்து எட்டாம் நம்பர். கதவைத் திறந்தா பாத்ரூம் போயிட்டு வந்தவரு வாசல்லயே நிக்கறாரு. இவர்தான் எட்டுன்னு நினைச்சு உள்ள கூப்பிட்டுப் படுக்க வெச்சேன். இவரை நான் பேரு கேக்கல மேடம்.” அவள் குரல் இறங்கியது. “முதல் ஆளைக் கேட்டேன். ரெண்டாவது ஆளைக் கேக்கல. அது என் தப்புதான். அதை நான் யார்கிட்டயும் மறைக்கல.”

“அதனால படம் ரெண்டும் மாறிப் போச்சு.”

“ஆமா. பெயிண்டர் பேர்ல போன படத்துல பெரிய கல்லு. ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. கீழ இருந்து கேமராக் குழாயை விட்டு, இல்லாத கல்லை மேலயும் கீழயும் தேடி, உள்ள சிறுநீர்க்குழாய் கிழிஞ்சு போச்சு. விஷக் காய்ச்சல். அஞ்சு நாளா தீவிர சிகிச்சையில இருக்காரு. மூணு மணிக்கு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. மாத்து ஆள் இல்லாததால அதுவரைக்கும் வேலை பாருன்னு உக்கார வெச்சிருக்காங்க.”

“எட்டாம் நம்பர்காரன்?”

“அவரு கொடுத்த பேர்ல அந்த விலாசத்துல யாரும் இல்லை. போன் நம்பரும் உபயோகத்துல இல்லை. அவரைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க மேடம். என் வேலைக்காக இல்லை. அவரை ஏன் தேடறேன்னா…”

அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கம்ப்யூட்டரில் படத்தை எடுக்கப் போனாள். திரையில் ஒரு மனுஷ உடம்பு சாம்பல் நிறத்தில் விரியத் தொடங்கியது. அடுத்தவன் எக்ஸ்ரேயைப் பார்த்தாலே விசிலுக்கு ஆகாது. இது அடுத்தவனுடையது என்றும் சொல்ல முடியவில்லை.

“அக்கா, ஒரு நிமிஷம். பாத்ரூம்,” என்று வெளியே வந்துவிட்டான்.

*

ஆமாம். அந்த ஆள் விசில்தான்.

அன்றைக்கு அவன் வேறோர் இடத்தில் ஒரு கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டியவன். விடிகாலையிலேயே இடது இடுப்பில் யாரோ திருப்புளியை விட்டுத் திருகுகிற மாதிரி வலி. நின்றாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி. அக்காவிடம் சொன்னால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாள் என்று சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தான். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அக்காவிடமிருந்து போன். “எங்கடா இருக்க? நம்ம ஆளு கிளம்பிட்டான்னு தகவல் வந்திருக்கு. கேட்டை விட்டு நகராத.” “இங்கதான் அக்கா, கேட்டுக்கு எதிர்லயே,” என்று வாய் கூசாமல் சொன்னான். அந்த நேரம் கதவு திறந்தது. யாரோ ஒருத்தர் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

அவன் எழுந்தான்.

நீங்கதானே என்று கேட்டாள். ஆபீசில் அவன் சேர்ந்த நாளிலேயே அக்கா சொல்லிக்கொடுத்த முதல் சட்டம் இது: நீதானா என்று எவன் கேட்டாலும் தலையாட்டிவிடு, கதவு திறக்கட்டும், திருத்திக்கொள்ள அப்புறம் நேரம் இருக்கும். ஏழு வருஷம் தலையாட்டிப் பழகிய கழுத்து. யோசிப்பதற்குள் ஆடிவிட்டது. இரண்டாவது சட்டம், சொந்தப் பெயரை எங்கேயும் கொடுக்காதே. பதிவு செய்கிற கவுண்டரிலேயே அதைப் பழக்கதோஷத்தில் செய்து முடித்திருந்தான்.

மறுநாள் கவுண்டரில் எட்டாம் நம்பர் சீட்டைக் காட்டி ரிப்போர்ட் வாங்கினான். நாலு மில்லிமீட்டர் கல், நிறையத் தண்ணீர் குடித்தால் தானே போய்விடும். குடித்தான். மூன்றாம் நாள் வலி சுத்தமாக நின்றது. கல் விழுந்துவிட்டது என்று பெண்டாட்டிக்குப் பூவும் பிள்ளைகளுக்கு பன்னும் வாங்கிப் போனான். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தான். ஒருத்தருடைய முறையைத் திருடினோம், அவ்வளவுதானே. பத்து நிமிஷம். பத்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும்?

பாத்ரூமில் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். நாலு சொட்டு. பயம் வந்தால் எல்லாம் வற்றிவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். உடம்பு லேசாக நடுங்கியது. அந்த ஐஸ் பெட்டி அறையில் நின்றது இன்னும் விடவில்லை.

வெளியே வந்தால் மாடிப்படியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் ஆம்பிளைச் செருப்பு ஒரு ஜோடி. செருப்பில் வெள்ளையும் நீலமுமாகப் பெயிண்ட் சொட்டுகள்.

“தம்பி, நீங்க அந்த விசாரிக்க வந்த மேடம் கூட வந்தவரா?”

தலையாட்டப் போனான். நிறுத்திக்கொண்டான். “ஆமாம்மா” என்றான் வாயால்.

“நான் பெயிண்டர் சம்சாரம். உக்காருங்க. நெத்தியெல்லாம் வேர்த்துக் கிடக்கு. தண்ணி குடிங்க.” பாட்டிலை நீட்டினாள். “எங்களுக்காக அலையறீங்க.”

வாங்கிக்கொண்டான். குடிக்க முடியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

“நேத்து கொஞ்சம் நினைவு வந்துச்சு,” என்றாள் அவள். “என்ன சொன்னாரு தெரியுமா? ‘நான் அன்னிக்கு இன்னும் கொஞ்சம் அடக்கியிருக்கணும். எழுந்து போனது என் தப்பு. அந்தப் பொண்ணை யாரும் திட்டாதீங்க’ங்கறாரு. குழாய் சொருகிக் கிடக்கற மனுஷன் பேசற பேச்சா இது? ஒன்றுக்குப் போனது ஒரு தப்பா தம்பி?”

விசிலுக்கு எத்தனையோ வாயடி வசனம் தெரியும். எதிராளி வாயை அடைக்க ஒன்று, போலீஸ்காரரைச் சிரிக்க வைக்க ஒன்று, கடன் கேட்கிறவனை அனுப்ப ஒன்று. இதற்கு ஒன்றும் இல்லை. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தான். அதற்குள் மேலேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். அந்த அம்மா செருப்புப் பையை அணைத்துக்கொண்டு எழுந்து ஓடினாள். பாட்டில் அவன் கையில் இருந்தது.

*

திரும்பி வந்தபோது அக்கா ஸ்கேன் அறைக்கு வெளியே நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தாள்.

“பார்த்தாச்சா அக்கா?”

“பார்த்தாச்சு.”

“ஏதாவது தெரிஞ்சுதா?”

“படம் எடுக்கறதுக்கு முன்னாடி பாக்கெட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்களாம். அந்த ஆளு சாவி, போன், சில்லறை எல்லாத்தையும் டப்பாவுல போட்டிருக்கான். ஒண்ணை மட்டும் மறந்துட்டான். முதல்ல எடுக்கற நெட்டைப் படத்துல இடுப்புக்கிட்ட வெள்ளையா விழுந்திருக்கு.”

“என்னது அது?”

“சின்ன சாமான். இரும்பு. பார்த்தா யாரும் எதுன்னு சொல்ல மாட்டாங்க. வண்டியை எடு. அந்த விலாசத்துக்குப் போவோம்.”

விசிலின் வலது கை தன்னையறியாமல் பேண்ட் இடுப்பின் உள்பாக்கெட்டுக்குப் போனது. அங்கே அது இருந்தது. துப்பறியும் வேலைக்கு வருவதற்கு முன்னால் வண்டி நிறுத்துமிடத்தில் காவலாளியாக இருந்தான். அந்தக் காலத்து எஃகு விசில். அதனால்தான் அந்தப் பெயர். அரைஞாண் மாதிரி, அது உடம்போடு ஒட்டியது. கழற்ற வேண்டிய சாமான் என்று அவனுக்கு என்றைக்குமே தோன்றியதில்லை.

ஸ்கூட்டரை அக்காதான் ஓட்டினாள். அவள் ஓட்டுவாள், இவன் பின்னால் உட்கார்ந்து வழி சொல்வான், அவள் கேட்க மாட்டாள். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி குதித்தது.

“என்னடா, ஜோக்கெல்லாம் தீர்ந்து போச்சா?”

“ஸ்டாக் வரணும் அக்கா.”

“கழுத்துல என்ன? சுளுக்கா?”

“இல்லையே.”

“காலையில இருந்து தூணை முழுங்கினவன் மாதிரி வர்றியே, அதான் கேட்டேன்.”

*

விலாசம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. சுவர் முழுக்க வெறும் பிரேம்கள், எல்லாம் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன. கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதியிருந்த பெயரைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

“இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைங்க. ஆஸ்பத்திரில இருந்தும் போன் பண்ணிக் கேட்டாங்க. கடைக்கு மாடியும் கிடையாது.”

“சரி. ஒரு சந்தேகம்,” என்றாள் அக்கா. “பொய் விலாசம் சொல்றவன் அதை எங்க இருந்து எடுப்பான்?”

“எனக்கு எப்படிங்க தெரியும்? நான் கண்ணாடிக் கடைக்காரன்.”

“ஆகாயத்துல இருந்து எடுக்க மாட்டான். எடுத்தா ரெண்டாவது தடவை சொல்லும்போது மறந்துடும். கண்ணுக்குப் பழகின இடத்தைத்தான் சொல்லுவான். உங்க கடை போர்டுல கதவு நம்பர், தெரு, எல்லாம் பெருசா எழுதியிருக்கு. இதையே பல நாள் எதிர்ல நின்னு பார்த்துட்டே இருந்தவனுக்கு மனப்பாடம் ஆயிருக்கும். அப்படி யாராவது எதிர்ல நின்னாங்களா? போன மாசம்?”

கடைக்காரர் யோசித்தார். பிறகு அவர் பார்வை மெதுவாக அக்காவின் தோளைத் தாண்டிப் பின்னால் போனது. விசில் ஒரு பிரேமை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

“இவருதானே நின்னாரு!” என்றார் கடைக்காரர். “பதினோரு நாள். அந்த லைட் போஸ்ட் பக்கத்துல. நான் கூட உள்ள வந்து உக்காருங்கன்னு கூப்பிட்டேன். பஸ்ஸுக்கு நிக்கறேன்னாரு. இந்தத் தெருவுல பஸ்ஸே வராது.”



“அந்த பிரேம் பொம்பளைங்க போடறது,” என்றாள் அக்கா. “கழட்டி வை. வெளியில வா.”

*

கடைக்கு வெளியே அந்தப் போஸ்ட். ஒரு ஆளைக் கண்காணிக்கப் பதினோரு நாள் அவன் சாய்ந்து நின்ற போஸ்ட். அக்கா ஸ்கூட்டர் சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவளுடைய பெரிய ஆயுதம். எதிராளிகள் அதில் விழுவதை விசில் நூறு தடவை பார்த்துச் சிரித்திருக்கிறான்.

“அக்கா.”

“ம்.”

“அந்த ஆளு நான்தான்.”

“தெரியும்.”

“போஸ்ட்டைப் பார்த்ததுமா?”

“படத்தைப் பார்த்ததும். இடுப்புல விசில் வெச்சுட்டு அலையற மனுஷன் இந்த ஊர்ல எத்தனை பேரு? உள்ள இருக்கற குண்டு கூடத் தெரியுதுடா. அதுக்கும் முன்னாடியே ஒரு சந்தேகம். ஏழு வருஷமா நான் எது சொன்னாலும் தலையாட்டறவன் நீ. அந்தப் பொண்ணு ஆட்டிக் காட்டினதுக்கு அப்புறம் இன்னிக்கு ஒரு தடவை கூட ஆட்டல.”

விசில் போஸ்ட்டில் சாய்ந்தான். “வேலையை விட்டுட்டு வந்தேன். உங்ககிட்ட பொய் சொன்னேன். ஒருத்தர் முறையில புகுந்தேன். அவரு அங்க சாகக் கிடக்கறாரு. அந்த அம்மா எனக்குத் தண்ணி கொடுக்குது அக்கா. இதோ பாருங்க, பாட்டிலைக் கூடத் திருப்பிக் கொடுக்கல. அப்பவே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. என்னை என்ன பண்ணாலும் சரி. அந்தப் பொண்ணு வேலை போகக் கூடாது.”

“ஒரு பேப்பர் எடு. எழுது. ‘என்னைப் பேர் சொல்லிக் கேட்டார். நான்தான் பொய்யாகத் தலையாட்டினேன்.’ சொந்தப் பேரைப் போட்டுக் கையெழுத்துப் போடு.”

வேறு காகிதம் இல்லை. பர்ஸில் மடித்து வைத்திருந்த தன் ஸ்கேன் ரிப்போர்ட்டின் முதுகில் எழுதினான். ஸ்கூட்டர் சீட்டில் வைத்து எழுதியதில் எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது.

அக்கா அதை வாங்கி, எழுதியதைப் படிக்காமல், திருப்பி ரிப்போர்ட்டைப் படித்தாள்.

“நாலு மில்லிமீட்டர்.”

“அது விழுந்துடுச்சு அக்கா. வலி நின்னே ஆறு நாளாச்சு.”

“இது யாரோட ரிப்போர்ட்டுடா?”

“என்னுது.”

“படம் ரெண்டும் மாறிப் போச்சுன்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப நீ எங்க இருந்த? பக்கத்துலதானே நின்ன?”

விசில் ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்தான்.

குற்றம் செய்தவன் தான் செய்ததை மட்டுமே திருப்பித் திருப்பி எண்ணிக்கொண்டிருப்பான். தனக்கு நடந்தது என்ன என்று எண்ண அவனுக்குக் கை வராது. பெயிண்டர் பெயரில் இருந்த அந்தப் பெரிய கல் யாருடையது என்ற ஒரு கேள்வியை, காலையிலிருந்து விசில் ஒரு தடவைகூடத் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

“நாலு மில்லி பெயிண்டரோடது,” என்றாள் அக்கா. “அது எப்பவோ தானா போயிடுச்சு. உன்னுது பதினோரு மில்லி. இடது பக்கக் குழாய்ல கார்க் மாதிரி அடைச்சுட்டு நிக்குது. நீ பாத்ரூம்னு ஓடினியே, அப்பதான் அந்தப் பொண்ணு காட்டினா. வலது கிட்னி அவரைக்கொட்டை மாதிரி சின்னதா அழகா இருக்கு. இடது கிட்னி தண்ணி அடைச்ச பலூன் மாதிரி. ரெண்டு வாரத்துக்குள்ள திறந்து விடலைன்னா அது திரும்பாதாம். அதுக்குத்தான் அவ அந்த எட்டாம் நம்பர்காரனைத் தேடினா. வேலை போறதுக்கு முன்னாடி அந்த ஆளைக் காப்பாத்திடணும்னு.”

“ஆனா வலியே இல்லையே அக்கா.”

“நானும் அதைத்தான் கேட்டேன். கத்திக் கத்தி ஓஞ்சு போச்சாம். வலி நின்னா கல் விழுந்துடுச்சுன்னு அர்த்தம் இல்லையாம்.”

விசில் சிரிக்கப் பார்த்தான். “நல்ல ஆளைத் தேடச் சொன்னாங்க. தேடற கம்பெனியிலயே இருக்கான்.” சிரிப்பு பாதியில் பல் கிட்டுகிற சத்தமாக மாறியது. வெயிலில் நின்றுகொண்டு நடுங்கினான்.

“ஏன்டா நடுங்கற?”

“காலையில இருந்தே இப்படித்தான் அக்கா. அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்ததுல இருந்து. மனசு உறுத்துதுல்ல, அதான்.”

அக்கா எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தாள். பிடித்த கையை உடனே விட்டுவிட்டு நெற்றியில் புறங்கையை வைத்தாள். அவள் முகம் மாறியதை அவன் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான்.

“மனசு உறுத்தினா உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்காது. இது காய்ச்சல்டா. அடைச்ச கிட்னியில சீழ் பிடிக்குது.” அவள் சாவியைத் தேடினாள். கையிலேயே இருந்த சாவியைப் பைக்குள் தேடினாள். “காய்ச்சல் வந்துட்டா ரெண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, மணிக்கணக்குதான்னு சொன்னா. ஏறு. ஏறித் தொலை.”

வண்டி கிளம்பியது. இந்தத் தடவை பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். சிக்னலில் நின்றபோது திரும்பாமல் பேசினாள்.

“நீயா வாயைத் திறந்து சொல்லணும்னு காத்திருந்தேன். நான் சொல்ல வெச்சா, அந்தப் பொண்ணுக்காக நான் ஆள் செட் பண்ணினேன்னு சொல்லிடுவாங்கன்னு நினைச்சேன். ரெண்டு மணி நேரத்துக்கு மேல. உனக்கு உடம்பு கொதிக்குதுன்னு தெரியாம உன்னை வண்டியில வெச்சுக் குலுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.”

“நீங்க என்ன பண்ணுவீங்க அக்கா.”

“தலையாட்டச் சொல்லிக் கொடுத்தது யாரு? அன்னிக்கு எங்கடா இருக்கன்னு போன்ல கத்தினது யாரு? வாயை மூடிட்டு வா.”

அவன் வாயை மூடிக்கொண்டு வந்தான். அக்காவின் தோளில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். ஏழு வருஷத்தில் அப்படிச் சாய்ந்ததில்லை.

*

ஆஸ்பத்திரியில் அவனைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அக்கா அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு விசாரணை நடக்கப்போகிற இரண்டாம் மாடிக்கு ஓடினாள். மணி இரண்டே முக்கால். ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு படி இரண்டு படியாகத் தாவினாள்.

மாடிப்படி பக்கத்தில் பெயிண்டர் சம்சாரம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“நிறுத்துங்க,” என்றான் விசில், தள்ளிக்கொண்டு போனவரிடம். முகக்கவசத்தைக் கழற்றினான். பாட்டிலை நீட்டினான்.

“அம்மா. அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் முறையில உள்ள போனவன் நான்தான். அவரு பேரைச் சொல்லிக் கேட்டாங்க. நான்தான்னு தலையாட்டினேன். காலையில நீங்க தண்ணி கொடுத்தப்பவே சொல்லியிருக்கணும்.”

அந்த அம்மா அவனையே பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் அவள் கை நீளவில்லை. அழுவாள், அடிப்பாள், கத்துவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தான்.

“எனக்கு இப்ப வாய்ல ஒண்ணும் வரல,” என்றாள் கடைசியில். “மன்னிச்சேன்னு என்னால சொல்ல முடியாது. அதை எதிர்பார்க்காதீங்க.”

“எதிர்பார்க்கலைம்மா.”

“ஆனா நீங்க பொழைச்சு வரணும். வந்து அவர்கிட்ட இதைச் சொல்லணும். எழுந்து போனது அவரு தப்பு இல்லைன்னு உங்க வாயால சொல்லணும். நான் சொல்லி நம்ப மாட்டேங்கறாரு.” பாட்டிலை வாங்கிக்கொண்டாள். “போங்க.”

ஸ்கேன் அறையில் அதே குளிர். டெக்னீஷியன் அவனைப் பார்த்தாள். அவள் நீட்டிய டப்பாவில் சாவியைப் போட்டான், போனைப் போட்டான், சில்லறையைப் போட்டான். பிறகு இடுப்புப் பாக்கெட்டில் இரண்டு விரலை விட்டு விசிலை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான்.

அவள் அந்த விசிலைப் பார்த்தாள். ஐந்து நாளாக அதே சாமானைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவள். அவள் கண் நிறைந்தது. கோபமா நிம்மதியா என்று அவனுக்குப் புரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

“காலையில மாதிரி ஏதாவது ஜோக் சொல்லுவீங்கன்னு தெரியும்,” என்றாள், குரலைச் சரி செய்துகொண்டு. “வேண்டாம். சும்மா படுங்க.”

படுத்தான். கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னாள். தூக்கினான். மேலே விளக்குகள். பலகை ஜில்லென்று முதுகைத் தொட்டது.

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். பாதி வழியில் நின்றாள். திரும்பி வந்தாள். அவன் தலைமாட்டில் நின்று, இந்தத் தடவை எந்தப் பெயரையும் தானாகச் சொல்லாமல் கேட்டாள்.

“உங்க பேரு என்ன?”

அவன் கழுத்து பழக்கத்தில் ஒரு பக்கமாகச் சாயப் பார்த்தது. அதைத் தடுத்து நிறுத்தினான். வாயைத் திறந்து, இந்த ஊரில் அவன் பெண்டாட்டிக்கும் அக்காவுக்கும் மட்டுமே இன்றைக்கு வரை தெரிந்திருந்த அவனுடைய சொந்தப் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னான்.